உறையை விட்டு வராத வாள்

பூர்வீக வாள்காரர் என்றொரு இனம் உண்டு. எங்கள் சங்கரன்கோவிலில் தெருவுக்கு ஒருவராவது தேறுவார். கூடத்துச் சுவரில், காலண்டருக்கும் கல்யாண போட்டோவுக்கும் நடுவே, உறை போட்ட வாளொன்றைச் சாய்வாக மாட்டி, ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டு வைத்து, கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவரானாலும் சரி, பெண் பார்க்க வந்தவரானாலும் சரி, காபிக்கு முன்னால் அதைக் கும்பிட வைத்து, "எங்க பாட்டனுக்குப் பாட்டன் இதாலதான் வெள்ளைக்காரத் தளபதி ஒருத்தன..." என்று ஆரம்பித்தாரென்றால் காபி ஆறிப்போகும். போன வருஷம் செத்தது ஒரு தளபதி. இந்த வருஷம் மூன்று. செத்தவர்கள் பெருகுகிற அதிசயத்தை வேறெங்கே பார்த்திருக்கிறீர்கள்?

தாலுகா ஆபீஸ் கிளார்க் துரைப்பாண்டி இந்த இனத்தில் அசல் சரக்கு. பக்கத்து வீட்டு டெய்லர் மைதீன் பாட்சா ஒருநாள் ஆசையாய்க் கேட்டார்: "அண்ணாச்சி, ஒருக்கா உருவித்தான் காட்டுங்களேன்."

"உருவுனா ரத்தம் பாக்காம உள்ள போகாது வே. ஒம்ம கழுத்தத் தாரீரா?"

டெய்லருக்குக் கழுத்து வேண்டியிருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் பேப்பரில் வந்தது: லைசென்ஸ் இல்லாமல் வாள் வைத்திருந்தால் ஜெயில் என்று சட்டம் வரப்போகிறதாம். துரைப்பாண்டி தெருவில் இறங்கிக் கர்ஜித்தார். "வெள்ளைக்காரனாலயே புடுங்க முடியல, இவனுவ புடுங்கிருவானுவளோ?"

மனைவி முப்பிடாதியம்மாள் வாசலில் நின்று நிதானமாகச் சொன்னாள்: "செயிலுக்குப் போனா வேலை போயிரும். மூத்தவ கல்யாணத்த அந்தத் தளபதியா வந்து நடத்துவான்?"

வீரம் அத்தோடு இறங்கியது. மறுநாள் காலை வாளைப் போர்வையில் சுற்றிக்கொண்டு அவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் புறப்பட, தெருவே பின்னால் போனது. நானும்தான். இதையெல்லாம் விட முடியுமா? தெரு ஸ்டேஷன் வாசலோடு நின்றுவிட, நான் ஜன்னலோரம் ஒட்டிக்கொண்டேன்.

"சட்டம் இன்னும் வரலையே" என்றார் இன்ஸ்பெக்டர். "சரி, உருவுங்க பாப்போம்."

"ரத்தம் கேக்கும் சார்..."

இன்ஸ்பெக்டரே இழுத்தார். வரவில்லை. இரண்டு போலீஸ்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். கைப்பிடி மட்டும் கழன்று வந்தது. உறையும் துருவும் என்றைக்கோ சம்பந்தம் பண்ணிக்கொண்டுவிட்டன.

"இது எந்தச் சட்டத்துக்கும் அம்புடாது. தைரியமா வீட்டுக்குக் கொண்டு போங்க."

வேலை பிழைத்தது. சந்தோஷப்பட வேண்டிய மனிதர் என்ன செய்தார் தெரியுமா? கையெடுத்துக் கும்பிட்டார். "சார், ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும், பறிமுதல் பண்ணிருங்க. வெளிய தெருவே நிக்கி!"

"இங்கன பழைய இரும்பு ஏற்கெனவே கெடக்கு."

எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் வெளியே வந்தவரைப் பார்த்ததும் பாவம் பறந்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்தி அறிவித்தார்: "இன்ஸ்பெக்டரு தொட்டாரு, கை நடுங்கிட்டு. 'இத இங்கன வச்சா ஸ்டேஷன் தாங்காது'ன்னு கும்புட்டுத் திருப்பிக் குடுத்துட்டாரு மக்கா!"

சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டில் வாள் இல்லைதான். ஆனால் உங்கள் பாட்டனார் வாசலில் யானை கட்டியிருந்ததாகப் போன வாரம் சம்பந்தி வீட்டில் யார் சொன்னது? யானைக்குச் சட்டம் வருகிறவரை பிழைத்துக்கொள்ளுங்கள்.