ஞானதாஸின் குளுகுளு பெட்டி

பெட்டி சுட்டது.

பேராசிரியர் ஞானதாஸ் கையை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தார். சந்தேகமே இல்லை, வெதுவெது.

"ஐவி! சுடுது!"

"காபியா?" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

"என் கன்வெர்ட்டர்!"

சாந்தோம் வீட்டு ஹாலில் கொலுவிருந்த அந்த இரும்புப் பெட்டி, பேட்டரி கரெண்டை வீட்டுக் கரெண்டாக மாற்றுவது. உள்ளே இருக்கும் ஸ்விட்சுகள், வோல்டேஜ் பூஜ்யத்துக்கு இறங்கும் கணம் பார்த்துத்தான் தட்டும். அதனால் சூடு கிடையாது, எந்தப் பாகத்துக்கும் டென்ஷன் கிடையாது. "இது மெஷின் இல்லை, ஒரு ஞானி! தொட்டால் பானைத் தண்ணீர் மாதிரி இருக்கும்" என்று, மாதா கோயிலில் பூசை முடிந்து வீட்டுக்குப் போகத் துடித்த பங்கு மக்களை மடக்கி மடக்கிச் சொல்லியிருந்தார்.

"கரெண்டுக்குக் கோவம் தணியுற நேரம் பாக்குறீங்க. எங்கிட்ட பேசுறப்ப மட்டும் பாக்குறதில்ல" என்பாள் ஐவி.

ஞாயிற்றுக்கிழமை கிண்டியிலிருந்து மெஹபூப் அலி வருகிறார். பெட்டி குளிர்ந்திருந்தால் அவர் கம்பெனி அதைத் தயாரிக்கும். சுட்டால், பங்கு மக்கள் சிரிப்பார்கள்.

"தெர்மாமீட்டர் வெச்சுப் பாருங்களேன்."

"என் கைதான்டீ தெர்மாமீட்டர்!"

காற்று போதவில்லை என்று ஜன்னலோரம் ஸ்டூலில் ஏற்றினார். மறுநாள் காலை பெட்டி ஜில். மாலையில் கல்லூரியிலிருந்து வந்து தொட்டால், முன்னைவிடச் சூடு.

"பகல் பூரா உழைக்குது, பாவம்" என்றாள் ஐவி, அவர் முகத்தைப் பார்க்காமல்.

"வெயில் மூடி வழியா ஏறுது!" பழைய இலவம்பஞ்சு மெத்தையை நாலாக மடித்து மேலே போட்டார். அடுத்த மாலை, மெத்தைக்கடியில் கையை விட்டவர் அலறினார். "இட்லியே வேகும் போலிருக்கே!"

இனி அறுவை சிகிச்சைதான். மூடியைக் கழற்றி, ஸ்விட்சுகள் தட்டும் கணத்தைத் தள்ளிவைத்து, செம்புக் கம்பியில் புதுக் காயில் ஒன்றைச் சுற்றி உள்ளே திணித்தார். ஐவியின் பூனை பூசணி, மத்தி மீன் தலையை முடித்துக்கொண்டு, மீசையைத் துடைத்தபடி வேடிக்கை பார்த்தது.

ஞாயிறு வந்தது. மெஹபூப் அலியும் வந்தார்.

"தொட்டுப் பாத்தா போதும் சார். மீதிய நம்ம பசங்க பாத்துப்பாங்க."

"அதற்கு முன் பூஜ்யத்தின் தத்துவம் பற்றிச் சில வார்த்தைகள்..." சில வார்த்தைகள் முடிவதற்குள் அலியின் டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. கடைசியில் ஞானதாஸ் கண்ணை மூடி ஸ்விட்சைப் போட்டார்.

டமார்!

பெட்டி ஞானி புகைந்தார். ஐவி மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே ஜன்னல்களைத் திறந்தாள். ஞானதாஸ் நாற்காலியில் சரிந்தார். "ஒரு வாரமா சுட்டுது சார். என்ன செஞ்சும் அடங்கல."

அலி குனிந்து, கீழே கிடந்த மெத்தையைப் புரட்டினார். அடுக்கடுக்காய்த் தும்மினார்.

"வீட்ல பூனை இருக்குதா சார்? எனக்கு அந்த முடி ஆவாது. மெத்த பூரா கீது பாருங்க."

"ஐயோ, நம்ம பூசணி!" என்றாள் ஐவி. "பகல் பூரா அந்தப் பெட்டி மேலதானே சுருண்டு கெடக்கும், மெத்த வந்தப்புறம் அதுக்கடியில. இவரு ஸ்கூட்டர் சத்தம் கேட்டாத்தான் எறங்கும். பகல்ல பெட்டி ஓடவே ஓடாது, அந்த ப்ளக் பாயிண்ட்டுல என் மிக்ஸிதான் இருக்கும். பூனை எறங்கினப்புறம்தான், மிக்ஸி ப்ளக்கப் புடுங்கிட்டு, பெட்டிக்கு நானே ஸ்விட்ச் போடுவேன்!"