குற்றாலத்துக்குப் போன பீட்சா வண்டி

மலிவாகக் கிடைக்கிற பொருளை 'ஏன் மலிவு?' என்று கேட்டு வாங்கும் பழக்கம் அப்போது எனக்குக் கிடையாது. (கேட்டால் விலையை ஏற்றிவிடுவார்களோ என்ற பயம்தான்.)

தென்காசியில் என் பீட்சா கடை சுமாராக ஓடிக்கொண்டிருந்தது. குற்றாலத்தில் சீசனுக்குக் கடை பிடிக்க வசதியில்லை. வண்டியில் கிளை திறந்தால் கூட்டம் இருக்கிற இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்று திட்டம் போட்டேன். இதுவும் தேறாவிட்டால் மறுபடி துபாய் என்று மனைவி செல்வியிடம் ஒத்துக்கொண்டிருந்தேன்.

செங்கோட்டைத் தரகர் ஒருவர் பழைய வேன் ஒன்றைக் காட்டினார். இருபுறமும் பெஞ்சு, நடுவில் இழுத்தால் வெளியே வரும் ஆறடித் தட்டு. மாவு உருண்டை அடுக்க அம்சமாக இருந்தது. சிவப்பு பெயிண்ட் அடித்து ஓட்டிப் போனேன்.

வழியெல்லாம் ஆட்டோக்கள் ஒதுங்கி வழிவிட்டன. (பூரித்துப் போனேன்.) ஐந்தருவிச் சாலையில் மத்தியானமே சாரலும் மூட்டமுமாக இருந்தது. வண்டியை நிறுத்தியதும் சுற்றியிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றினார். கைப்பையையே பிடுங்குகிற குரங்குகள்கூடக் கிட்டே வரவில்லை. கூட்டத்தை அழைக்கலாமென்று ஹாரனை அழுத்தினேன்.

சங்கு ஊதியது.

கூரை இடுக்கிலிருந்து காய்ந்த செவ்வந்தி இதழ் ஒன்று சீஸ் மேல் விழுந்தது. திரும்பினால், பெஞ்சின் மூலையில் வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்! எப்போது ஏறினாரோ தெரியாது. நான் போட்ட அலறல் அருவிச் சத்தத்தையும் தாண்டியிருக்கும்.

"பயப்படாதீங்க தம்பி. பெயிண்ட் அடிச்சா நம்பர் மாறிருமா? எம் பொஞ்சாதிய இதுலதான் கொண்டு போனோம். நான் இந்த மூலைலதான் இருந்தேன். செத்த நேரம் உக்காந்துட்டு எறங்கிருதேன்."

ஒரு பீட்சாவை நீட்டினேன். நிதானமாகத் தின்றுவிட்டு, "அவ இருந்தா இதுல இட்லிப் பொடி தூவியிருப்பா" என்றார்.

அன்றைக்கு வந்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான். சீசன் முடியுமுன்னே நான் துபாயில் இருந்தேன். நான் திரும்பி வரும்வரை கடையைச் செல்வி பார்த்துக்கொண்டாள். இன்று ஒரு டீக்கடை ஓரத்திலும் ஒரு கல்யாண மண்டப வாசலிலும் எங்களுக்குக் கிளை உண்டு. இட்லிப் பொடி பீட்சாதான் அங்கெல்லாம் அதிகம் போகிறது. (இடம் பார்க்க மட்டும் என்னை அனுப்புவதில்லை.)

போன மாதம் பழைய மிக்சி ஒன்றை மலிவாக வாங்கி வந்தேன். செல்வி வாசலிலேயே மறித்தாள்.

"இதுல கடைசியா யாரு போனாவன்னு கேட்டியளா?"

கேட்டுவிட்டுத்தான் வாங்கியிருந்தேன்.