மேட்டடியில் நிற்கும் போங்கண்ணாச்சி

முன்னால் போகவேண்டும் என்ற ஆசையே இல்லாத லாரி டிரைவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் கம்பெனிக்கு வாய்த்தார்.

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் நான் சரக்கு வரவு பார்க்கிறேன். விருதுநகர் குடோனிலிருந்து கம்பெனி லாரியில் எங்களுக்குப் பேப்பர் லோடு கொண்டுவருபவர் அவர். சொந்தப் பெயர் லைசென்ஸில் இருக்கலாம். ஊருக்கு அவர் போங்கண்ணாச்சி.

வழியில் ஒரு ரயில்வே மேம்பாலம். அகலம் குறைவு, ஏற்றம் அதிகம். அதன் அடிக்கு வந்ததும் லாரியை ஓரங்கட்டி, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, "போங்கண்ணாச்சி, போங்க" என்று பின்னால் வருகிறவர்களை எல்லாம் அனுப்பிவைப்பார். ஸ்கூட்டரில் போகும் டீச்சரும் அவருக்கு அண்ணாச்சிதான். பின்னால் ஒரு வண்டியும் இல்லை என்று உறுதியானால்தான் ஏறுவார். அப்படி ஒரு நேரம் நம் ரோட்டில் எப்போது வரும்?

கேட்டால் விளக்கம் வைத்திருப்பார். "சமதளத்துல என் வண்டி ஒரு வண்டி தம்பி. மேட்டுல அது பத்து வண்டி. நான் ஒருத்தன் ஏறுனா அம்புட்டுப் பேரும் என் பின்னால ஊரணும்."

ஒருநாள் மக்காச்சோளம் ஏற்றிய டிராக்டருக்கும் வழிவிட்டார். அது ஏற்றத்தில் தவழ, பாலம் முழுக்க வண்டி நின்றுவிட்டது. அண்ணாச்சி நடந்தே மேலே போய் டிராக்டர்காரரிடம், "நீங்களும் நம்ம ஆளுதானா? முன்னமே சொல்லிருந்தா ரெண்டு பேரும் கீழ நின்னுருக்கலாம்ல" என்று வருத்தப்பட்டார்.

தீபாவளிக்கு முந்தைய சீசன். மிஷின் பேப்பருக்காகக் காத்துக்கிடந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"நீங்களே கூட உக்காந்து கூட்டிட்டு வாங்க. பாலத்துல நின்னாருன்னா நாளையில இருந்து வேற டிரைவர்."

மறுநாள் மேட்டடியில் அண்ணாச்சி வழக்கம்போல ஓரங்கட்டினார். பட்டாசுக் கம்பெனி வேன்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அரைமணி ஆயிற்று. விஷயத்தைச் சொன்னேன்.

"ஏறுங்கண்ணாச்சி. உங்க வேலைக்குத்தான் சொல்லுதேன்."

முதல் கியரைப் போட்டார். லாரி முனகிக்கொண்டு ஏறியது. கண்ணாடியில் பார்த்தேன். பஸ், வேன், ஆட்டோ என்று பாதி ஜில்லா எங்கள் பின்னால் ஹாரன் அடித்தது. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், பொறுமையிழந்த ஒருவர் மனைவியைப் பின்னால் வைத்துக்கொண்டு பைக்கில் எங்களை முந்தினார். எதிரே உச்சியில் பஸ் ஒன்று தலைகாட்டியது.

அண்ணாச்சி பிரேக்கை அழுத்தி அப்படியே நிறுத்தினார். கிடைத்த இடைவெளியில் பைக் எங்கள் முன்னால் நுழைந்தது. பஸ் உரசாத குறையாகக் கடந்துபோனது.

"தம்பி, இறங்கி டயருக்குப் பின்னால கட்டையப் போடுங்க. சீக்கிரம்."

குதித்து ஓடிப் போட்டேன். லோடு பின்வாங்காமல் நின்றது. பைக்காரர் திரும்பிப் பார்த்து எங்களையே ஏசினார்.

"லாரி ஓட்டுதியா, தேர் இழுக்கியா?"

"போங்கண்ணாச்சி, போங்க" என்றார் இவர். லாரி நகர்ந்ததும் கட்டையை எடுத்துக்கொண்டு ஓடி ஏறினேன்.

கம்பெனி வந்ததும் முதலாளி வாசலிலேயே நின்றார். "பாலத்துல நின்னாரா?"

"இல்லங்க. டயர் பஞ்சர்."

அந்த சீசன் முழுக்க அந்த லாரி பஞ்சரானபடியே இருந்தது. கடைசியில் முதலாளி மனம் வெறுத்து எல்லா டயரையும் புதிதாக மாற்றிவிட்டார். அண்ணாச்சி ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, "நல்லா இருந்தத எதுக்குத் தம்பி மாத்துனாக?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். அடுத்த லோடுக்கு ரேடியேட்டர் சூடாகிவிட்டது என்று சொல்லலாமா என யோசித்துக்கொண்டிருந்தேன். கூடப்பிறந்த அண்ணனுக்காகக்கூட நான் இவ்வளவு யோசித்ததில்லை.