மின்னஞ்சல் பாதுகாப்புக் குழுவின் சாதனை

மனித குலம் தன்னைக் காத்துக்கொள்ள எழுப்பிய அரண்களை வரிசைப்படுத்தினால், சீனத்தில் ஒரு சுவர், சித்ரதுர்காவில் ஒரு கோட்டை, அதற்கடுத்து பெங்களூர் பீன்யாவில் எங்கள் வீரபத்ரா கியர் ஒர்க்ஸின் மின்னஞ்சல் பாதுகாப்புக் குழு என்றுதான் நேர்மையான எந்த வரலாற்றாசிரியரும் எழுதுவார். அந்தக் குழுவுக்கு நான் தலைவர் என்பதால் இப்படிச் சொல்லவில்லை. தலைவராக இருந்ததால் இது எனக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

என் பெயர் சந்திரசேகரன். நிர்வாக அதிகாரி. எங்கள் தொழிற்சாலையில் பல்சக்கரம் செய்கிறோம். ஒரு சக்கரம் வாசலைத் தாண்டுவதற்குள் இரண்டு பேர் அதை அளப்பார்கள். முதல் ஆள் அளந்ததை இரண்டாம் ஆள் அளப்பார். இரண்டாம் ஆள் விடுப்பில் இருந்தால் முதல் ஆளே கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் அளப்பார். இப்படிப்பட்ட ஒழுக்கம் உள்ள இடத்தில்தான் இரண்டாயிரமாவது ஆண்டில் வைரஸ் புகுந்தது.

அது வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் மேலாளர் ஆராவமுதனுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஓசூரிலிருந்து எங்களுக்கு இரும்புக் கம்பி அனுப்புகிற வியாபாரி, பேரன் பேத்தி எடுத்தவர், மேலாளரைக் காதலிப்பதாகத் தலைப்பிலேயே சொல்லியிருந்தார். ஆராவமுதன் எந்த வியாபாரத் தொடர்பையும் அலட்சியம் செய்யாதவர். திறந்து பார்த்தார். அடுத்த நிமிடம் அதே காதல் அவர் பெயரில், எங்கள் முகவரிப் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் போய்ச் சேர்ந்தது. வரி அலுவலகத்துக்கும் போனது. 'தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது' என்று அங்கிருந்து பதில் வந்ததாக ஊழியர்கள் சொல்லிச் சிரித்தார்கள். நான் நம்பவில்லை. அவ்வளவு சீக்கிரம் பதில் வராது.

அந்த வருடம் ஆயுத பூஜையன்று மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, ஆன்டிவைரஸ் மென்பொருளைக் கணினியில் குடியேற்றினோம். திரையின் மூலையில் ஒரு பச்சைக் கேடயம் தெரிந்தது. ஆராவமுதன் அதைப் பார்த்துக் கும்பிட்டார்.

அதன் கடமையுணர்ச்சியை எப்படிப் பாராட்டுவதென்று தெரியவில்லை. உள்ளே வரும் மின்னஞ்சலையும் வெளியே போகும் மின்னஞ்சலையும் வழியிலேயே நிறுத்திச் சோதனை போட்டது. சின்னக் கடிதம் என்றால் சீக்கிரம் விட்டுவிடும். படமோ கோப்போ இணைத்திருந்தால் எடுத்து வைத்துக்கொண்டு நிதானமாகப் புரட்டிப் பார்க்கும். இந்தப் பக்கம் மின்னஞ்சல் மென்பொருளுக்கோ பொறுமை கிடையாது. கொஞ்ச நேரம் காத்திருக்கும், 'மறுமுனையிலிருந்து பதில் இல்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். கடிதம் போன இடத்திலிருந்து திரும்பி வந்து உட்கார்ந்திருக்கும். இப்படியாக எங்கள் அலுவலகத்திலிருந்து வைரஸ் எதுவும் வெளியே போகவில்லை.

இந்தச் சமயத்தில் கவியரசன் என்று ஒருவன் குறுக்கே வந்தான்.

கவியரசன் பல்சக்கரம் வெட்டும் பிரிவில் வேலை செய்பவன். ஜோலார்பேட்டைக்காரன். பல வருடமாகத் தற்காலிகத் தொழிலாளி. ஜெர்மனியிலிருந்து புது இயந்திரம் ஒன்று வாங்கினோம். அதை ஓட்டக் கற்றுக்கொள்ள ஒரே ஓர் ஆளை அங்கே அனுப்பலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. போய் வருபவர் இயந்திரத்துக்குப் பொறுப்பாளர், வேலையும் நிரந்தரம். முதலாளியே கவியரசன் பெயரை எழுதிவிட்டார். அவன் மெஜஸ்டிக் பக்கம் திபெத்தியர்கள் போடும் கடையில் நீல நிற ஸ்வெட்டர் ஒன்று வாங்கி, தினமும் அதைப் பையில் வைத்துக்கொண்டே வேலைக்கு வந்தான்.

அவன் பாஸ்போர்ட், சான்றிதழ், புகைப்படம் எல்லாவற்றையும் இணைத்து வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஜெர்மனிக்கு அனுப்ப வேண்டும். எங்கள் அலுவலக முகவரியிலிருந்து மின்னஞ்சலில் வந்தால்தான் ஏற்பார்கள். பெரிய கடிதம். நான்கு முறை போய் நான்கு முறை திரும்பி வந்தது.

மின்னஞ்சல் பார்க்கும் பிரபா ஆஸ்டின் டவுன் பெண். அவள் ஆன்டிவைரஸ் விற்ற கம்பெனிக்குப் போன் செய்தாள். வைட்ஃபீல்டிலிருந்து ஹரிஷ்குமார் என்ற பொறியாளர் வந்து, கணினியைப் பார்த்துவிட்டுக் காபி ஆறுவதற்குள் தீர்ப்புச் சொன்னார்.

"ஒண்ணுமில்ல சார். 'மெயிலைச் சோதிக்கவும்'னு இங்க ஒரு டிக் இருக்கு பாருங்க. இதை எடுத்துட்டாப் போதும். ஃபைலைத் திறக்கறப்ப ஆன்டிவைரஸ் எப்படியும் பாத்துடும். ரெண்டு தடவை பாக்க வேண்டியதில்ல."

ஆராவமுதனுக்கு முகம் சுருங்கிவிட்டது. இரண்டாவது முறை பார்க்க வேண்டியதில்லை என்ற சொல் எங்கள் கூரையின் கீழ் அதுவரை ஒலித்ததில்லை.

"எடுத்தப்புறம் வைரஸ் வந்தா யார் பொறுப்பு?" என்று கேட்டார்.

"வராது சார்."

"எழுத்துல குடுப்பீங்களா?"

"அது... கம்பெனியைக் கேக்கணும் சார்" என்றார் ஹரிஷ்குமார். கேட்கப் போனவர் இன்றுவரை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

அன்று பிற்பகலே மின்னஞ்சல் பாதுகாப்புக் குழு உதயமானது. தலைவர் நான். உறுப்பினர் ஆராவமுதன். குறிப்பெழுத பிரபா. பொருள் ஒன்றே ஒன்று: அந்த டிக்கை எடுப்பது யார்.

"நான் மேலாளர். நான் எடுத்தா அது கொள்கை முடிவாயிடும்" என்றார் ஆராவமுதன்.

"நான் நிர்வாகம். மவுஸைத் தொட்டால் அது தொழில்நுட்பமாகிவிடும்" என்றேன் நான்.

"நான் எடுத்துடறேன் சார். ஒரு நிமிஷ வேலை. சும்னே எதுக்கு இவ்ளோ பேச்சு?" என்றாள் பிரபா, சும்மா என்பதைக் கன்னடத்தில் சொல்லி.

"நீ எடுக்கலாம்மா. யார் சொல்லி எடுத்தேன்னு கேப்பாங்களே" என்றார் ஆராவமுதன்.

"நீங்க சொல்லித்தான்."

"அதைத்தாம்மா நானும் சொல்றேன்."

பிரபா அதைக் குறிப்பில் அப்படியே எழுதினாள். இரண்டாவது கூட்டத்தில் ஆராவமுதன் ஒரு யோசனையோடு வந்தார். அவர் முகத்தில் தூக்கமில்லை, ஒளி இருந்தது.

"தப்பு நம்ம மேலதான் சந்திரசேகரன். சக்கரத்துக்கு ரெண்டு இன்ஸ்பெக்டர் வெக்கறோம். மெயிலுக்கு ஒருத்தரைத்தானே வெச்சிருக்கோம்? அவர் சரியாப் பாக்கறாரான்னு பாக்க இன்னொருத்தர் வேணாமா?"

இதைவிடத் தெளிவாக யாரும் எங்கள் மரபை எடுத்துரைத்ததில்லை. வேறொரு கம்பெனியின் ஆன்டிவைரஸை வாங்கி அதே கணினியில் போட்டோம். மூலையில் இப்போது இரண்டு கேடயங்கள், ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. இரண்டும் ஒன்றையொன்று பார்த்தன. பச்சை, சிவப்பை வைரஸ் என்றது. சிவப்பு, பச்சையின் கோப்புகளைப் பிடித்துத் தனியறையில் அடைத்தது. திரை அப்படியே நின்றுவிட்டது. சின்னக் கடிதங்களும் நின்றன. எங்கள் தொழிற்சாலை தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு பாதுகாப்பாக ஒருநாளும் இருந்ததில்லை என்று குழு பதிவு செய்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. காலையிலிருந்தே கவியரசன் என் மேசைக்கு எதிரில் நின்றான். பை தோளில் இருந்தது.

"சார், சாயங்காலத்தோட கதை முடிஞ்சிடும். அந்த ஒரு டிக்கை..."

"குழு பரிசீலிக்கிறதப்பா."

"இன்னிக்குள்ள பரிசீலிச்சிடுவீங்களா சார்?"

"அவசரப்பட்டால் பரிசீலனை ஆகுமா?" என்றேன். இவ்வளவு பொறுமையாக இன்னொரு அதிகாரி பேசியிருக்க மாட்டார்.

மதியம் குழு மூன்றாவது முறையாகக் கூடியது. மூன்றாவது ஆன்டிவைரஸ் ஒன்றை நடுவராக அமர்த்தலாமா என்று போண்டா சாப்பிட்டபடி விவாதித்தோம். பிரபா குறிப்பெழுத வரவில்லை, தலைவலி என்றாள். நாங்கள் சட்னி கேட்டுக் குரல் கொடுத்த வேளையில் பக்கத்து அறையில் கவியரசன் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தான். நின்றுபோன கணினியை அணைத்துப் போட்டான். சிவப்பை நீக்கினான். பச்சையில் அந்த டிக்கை எடுத்தான். கடிதத்தை அனுப்பினான். போய்விட்டது.

எங்களுக்கு எப்படித் தெரிந்தது என்றால், மாலை ஜெர்மனியிலிருந்து பதில் வந்தது. 'திரு. கவியரசனின் இடம் உறுதி செய்யப்பட்டது.' பிரபா அதைப் படித்துக் காட்டியபோது அவன் கண் கலங்கிவிட்டது. எனக்கும் மனம் நெகிழ்ந்தது. ஆராவமுதன்தான் நெகிழாமல் கேள்வி கேட்டார்.

"மெயில் வந்திருக்கே. எப்படி வந்தது?"

பாதுகாப்பான அலுவலகத்துக்குள் ஒரு மின்னஞ்சல் எப்படி வர முடியும்? விசாரித்தோம். அவன் ஒளிக்கவில்லை. அனுமதியின்றிப் பாதுகாப்பைத் தளர்த்தியதாக அவனுக்கு மெமோ கொடுக்க வேண்டியதாயிற்று. கனத்த மனத்தோடு போட்ட கையெழுத்து கோணலாக விழுந்தது. பேனாவில் மை சரியாக இறங்காததும் ஒரு காரணம். விசாரணை நிலுவையில் உள்ளவர் வெளிநாடு போகக் கூடாது என்பது எங்கள் விதி. அந்த விதியை எழுதியது நான்தான் என்றாலும், அப்போது கவியரசனை மனதில் வைத்து எழுதவில்லை.

உறுதியான இடத்தை வீணாக்கலாமா? முதலாளி கவலைப்பட்டார். கணினி, இயந்திரம், பாதுகாப்பு எல்லாம் அறிந்த ஒருவர் தேவை. பாஸ்போர்ட்டும் இருக்க வேண்டும். குழுவில் பாஸ்போர்ட் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். மறுத்துப் பார்த்தேன். அறையில் அப்போது யாரும் இல்லாததால் அது யார் காதிலும் விழவில்லை.

பெயர் மாற்றக் கோரி என் புகைப்படத்தோடு போன மின்னஞ்சல் நொடியில் போய்ச் சேர்ந்தது. டிக் இன்னும் எடுத்தபடியே இருந்தது. அது போன பிறகு, டிக்கை மறுபடி போடவும், குழுத் தலைவரின் உத்தரவின்றி இனி யாரும் அதைத் தொடக் கூடாது எனவும் தீர்மானம் நிறைவேற்றி நானே கையெழுத்திட்டேன்.

கிளம்பும் நாளன்று கவியரசன் வந்து பையைத் திறந்தான்.

"அங்க ரொம்பக் குளிருமாம் சார். பெங்களூர்ல எனக்கு எதுக்கு இது? எடுத்துட்டுப் போங்க" என்று ஸ்வெட்டரை நீட்டினான். அதிகாரிகளிடம் தொழிலாளர்கள் வைத்திருக்கும் அன்பை எண்ணி வழியெல்லாம் பூரித்தேன்.

இப்போது ஜெர்மனியில் இருக்கிறேன். இயந்திரம் அழகாக இருக்கிறது. பயிற்சியாளர் ஏதோ கேட்பார், நான் சிந்தனையோடு தலையசைப்பேன். நேற்று நான் தலையசைத்த பிறகு ஒரு வெட்டுக்கருவி உடைந்தது. கவியரசனிடம் கேட்டால் தெரியும் என்று மின்னஞ்சல் எழுதினேன். இயந்திரத்தின் முன்னால் ஸ்வெட்டரோடு நான் நிற்கும் பெரிய படத்தையும் இணைத்தேன். பதில் இல்லை. மறுபடி மறுபடி எழுதினேன். கடைசியில் இன்று பிரபாவுக்குப் போன் செய்தேன்.

"உங்க போட்டோ ரொம்பப் பெருசு சார். ஆன்டிவைரஸ் பிடிச்சு வெச்சுக்கிட்டு விடவே மாட்டேங்குது. பின்னாடி வந்த மெயில் எல்லாம் அதுக்குப் பின்னாடியே நிக்குது. கஸ்டமருங்க அனுப்பின ஆர்டர்கூட அதுலதான் இருக்கு. மேலாளர் தலையில கை வெச்சு உக்காந்திருக்காரு."

"அந்த டிக்கை எடும்மா."

"தொடக் கூடாதுன்னு நீங்கதானே சார் கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

"கவியரசன் இருக்கானா? அவனை எடுக்கச் சொல்லு."

அந்தப் பக்கம் ஏதோ முணுமுணுப்புக் கேட்டது.

"அவர் மேல விசாரணை இன்னும் முடியலையாம் சார். குழுத் தலைவர் உத்தரவு அனுப்பினா உடனே எடுத்துடறேங்கறாரு. வாய்ல சொன்னா செல்லாதாம், மெயில்ல அனுப்பணுமாம்."

விதி விதிதான்.

"இன்னொண்ணும் கேக்கச் சொன்னாரு சார். ஸ்வெட்டர் அளவு சரியா இருக்கான்னு."

கச்சிதமாக இருக்கிறதென்று சொல்லச் சொன்னேன். உண்மையில் தோளில் இடிக்கிறது. எனக்காக வாங்கியதில்லையே.