அக்கா கல்யாணத்தை ரத்து செய்த டெஸ்ட்

வீட்டில் படித்தவள் ஒருத்தி மட்டும் இருந்தால், அவள் சொல்வதை யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். இதில் பெரிய ஆபத்து இருக்கிறது. எங்கள் வீட்டில் கல்லூரி வரை போனவள் நான்தான். கேஸ் இணைப்பு முதல் காய்ச்சல் மாத்திரை வரை கடைசித் தீர்ப்பு என்னுடையது. (மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்து "ம்ம்" என்பேன். அது போதும் அவர்களுக்கு.) இந்த மரியாதையை வைத்துக்கொண்டு நான் செய்த காரியம், என் அக்கா தேன்மொழியின் கல்யாணத்தை ஒரு டீ குடிக்கும் நேரத்துக்குள் ரத்து செய்தது.

அப்போது பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருந்த சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. கல்யாண மண்டபங்களை இணையத்தில் முன்பதிவு செய்யும் தளம் ஒன்றை உருவாக்கியிருந்தார்கள். அது ஒழுங்காக நடக்கிறதா என்று சோதிப்பவள் நான். "கம்ப்யூட்டர்ல தப்பு கண்டுபுடிக்கிற வேல" என்று எங்கள் ஊர் குரும்பலூர் முழுக்க அம்மா சொல்லி வைத்திருந்தாள். நானும் திருத்தவில்லை.

நாங்கள் சோதனைகளை எழுதும் முறை அழகானது. ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கதை மாதிரி இருக்கும். 'இன்ன நிலைமை இருக்கும்போது', 'ஒருவர் இன்னது செய்தால்', 'அப்போது இன்னது நடக்க வேண்டும்'. வெறும் பேச்சு வாக்கியங்கள்தான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் கொஞ்சம் கோட் எழுதிக் கட்டிவிட்டால், கம்ப்யூட்டர் தானே பிரவுசரைத் திறக்கும், தானே பெயரை நிரப்பும், தானே பட்டனை அழுத்தும். சரியாக நடந்தால் பச்சை, பிசகினால் சிவப்பு. இதற்கான கருவிக்கு ஒரு காய்கறியின் பெயரை வைத்திருக்கிறார்கள். (அம்மாவிடம் சொன்னபோது நம்பவில்லை.) தமிழிலேயே எழுதலாம். கோட் தெரியாத மண்டப மேனேஜர்கூடப் படித்துப் பார்த்து, ஆமாம், இப்படித்தான் நடக்க வேண்டும் என்று சொல்லலாம். யாருக்கும் புரியும் என்பதுதான் இந்த முறையின் பெருமை. அதே பெருமைதான் பிறகு என்னை நடு வீட்டில் உட்கார வைத்து மானத்தை வாங்கியது.

எனக்குச் சொல்லிக்கொடுத்த கோகிலா மேடம் முதல் நாளே எச்சரித்தார். கதைகளில் 'பெண் 1', 'மாப்பிள்ளை 1' என்று பெயர் போட்டால் போதும், வீட்டுப் பெயர்களைப் போட்டு விளையாடக் கூடாது என்றார். எனக்கு அது உப்புச்சப்பில்லாமல் தெரிந்தது. அந்த நேரம் அக்காவுக்கு ஜெயங்கொண்டம் பக்கத்தில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. பெயர் மதியழகன். சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. அதனால் என் கதைகளில் மணப்பெண் தேன்மொழி, மணமகன் மதியழகன், தேதி வைகாசியில் குறித்திருந்த அதே முகூர்த்தம் என்று எழுதினேன். ரத்து செய்யும் பக்கத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதிலும் ஏதாவது போட வேண்டும்.

பெண் பார்த்துவிட்டுப் போன அன்று சாயங்காலம், பின்கட்டில் பாத்திரம் விளக்கிக்கொண்டே அக்கா என்னிடம் மட்டும் ஒன்று சொல்லியிருந்தாள். "எல்லாம் சரிடி. ஆனா அவரு சிரிக்கவே மாட்டேங்குறாரு. காலத்துக்கும் இப்பிடியே இருந்தா என்னடி பண்றது?"

நான் அந்தக் கட்டத்தில் எழுதினேன்: மாப்பிள்ளை சிரிக்கவே மாட்டேன் என்கிறார்.

எழுதிவிட்டு நானே சிரித்துக்கொண்டேன். சோதனைக்கென்று தனியாக ஒரு தளம் இருந்தது. அதில் என்ன கூத்து நடந்தாலும் வெளியே ஒரு குறுஞ்செய்திகூடப் போகாது.

அதன் பிறகு அரியலூரில் நிஜமாகவே மண்டபம் பிடிக்க வேண்டி வந்தது. எங்கள் தளத்திலேயே பிடிக்கலாம் என்று நான்தான் ஒற்றைக் காலில் நின்றேன். அப்பாவுக்கு நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் கொடுத்தால்தான் நிம்மதி. "புள்ள படிச்சிருக்கு, அதுக்குத் தெரியாதா?" என்று அம்மா சொன்னதும் அடங்கிவிட்டார். சோதனைக்கு வைத்திருந்த அதே பெயர், அதே பாஸ்வேர்டு போட்டுக் கணக்குத் தொடங்கினேன். (இன்னொன்றை யோசிக்கச் சோம்பல்.) இரண்டு வீட்டுக் கைபேசி எண்களும் கட்டாயம் என்றது. கொடுத்தேன்.

ஒரு நாள் மத்தியானம், அக்காவின் பதிவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கலாமே என்று, என் சோதனை அமைப்பில் இருந்த முகவரியை நிஜத் தளத்துக்கு மாற்றினேன். மண்டபத்தின் படம், அக்கா பெயர், மாப்பிள்ளை பெயர், எல்லாம் திரையில் வந்தன. கொஞ்ச நேரம் ரசித்தேன். முகவரியை மறுபடி மாற்ற மறந்துபோனேன். வழக்கம்போல எல்லாச் சோதனைகளையும் ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கக் கீழே இறங்கினேன்.

திரும்பி வந்து பார்த்தால் ரத்து செய்யும் பகுதி முழுக்கப் பச்சை. அது வரை ஒரு நாளும் அப்படித் தேறியதில்லை. எங்காவது ஒரு இடத்தில் சிவப்பு முகம் காட்டும். திரையைப் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினேன், கீழே 'எல்லாம் பாஸ்' என்று போட்டு.

சற்று நேரத்தில் அம்மா போன் பண்ணினாள். குரல் வேறு மாதிரி இருந்தது. தேனு மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாமே, ஜெயங்கொண்டத்திலிருந்து கேட்கிறார்கள், என்னடி நடக்கிறது என்றாள்.

என் கம்ப்யூட்டர் ஒரு குறையும் வைக்கவில்லை. தேன்மொழி பெயரில் பதிவு இருக்கும்போது, அவள் ரத்து செய்தால், தேதி காலியாக வேண்டும். காலியானது. காத்திருப்பவர்களில் முதலாமவருக்கு அது போக வேண்டும். போனது. அரியலூரில் யாரோ ஒரு குடும்பம் பிள்ளைகளின் காதணி விழாவுக்கு அந்தத் தேதிக்காகக் காத்திருந்ததாம், உடனே பணம் கட்டிவிட்டார்கள். இரண்டு வீட்டுக்கும் காரணத்தோடு குறுஞ்செய்தி போக வேண்டும். அதுவும் போனது. எங்கள் அப்பா, வருகிற செய்தி எல்லாமே ரீசார்ஜ் விளம்பரம் என்று நம்புகிறவர். அவர் பார்க்கவில்லை. மாப்பிள்ளை வீட்டில் பார்த்தார்கள்.

வீட்டுக்கு ஓடினேன். கம்ப்யூட்டர் தவறு என்று அம்மாவிடம் அளந்துகொண்டிருந்தபோது, அக்கா தன் போனை என் முன்னால் நீட்டினாள். மாப்பிள்ளை வீட்டார் அந்தச் செய்தியை அப்படியே அவளுக்கு அனுப்பியிருந்தார்கள். அவள் திட்டவில்லை. "இத நான் ஒங்கிட்ட மட்டுந்தானே சொன்னேன்?" என்றாள்.

அப்பாவும் நானும் ஜெயங்கொண்டத்துக்கு பஸ் ஏறினோம். மடியில் லேப்டாப். எடுத்துக் காட்டினால் புரிந்துகொள்வார்கள், யாருக்கும் புரியும் முறைதானே என்று அரியலூர் தாண்டும் வரை அப்பாவுக்கு விளக்கிக்கொண்டே போனேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

மாப்பிள்ளை வீட்டில் தண்ணீர் மட்டும் கொடுத்தார்கள். மதியழகன் இன்னும் ஷிப்ட் முடிந்து வரவில்லை. அவருடைய தாய்மாமன் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். நான் லேப்டாப்பைத் திறந்து, இது நிஜம் இல்லை, சோதனைக்கு எழுதியது என்று திரையைத் திருப்பினேன்.

அவர் சத்தமாகவே படித்தார். தேன்மொழி முன்பதிவு செய்திருக்கும்போது, அவள் 'மாப்பிள்ளை சிரிக்கவே மாட்டேன் என்கிறார்' என்ற காரணத்தோடு ரத்து செய்தால், அப்போது மணமகன் வீட்டுக்குக் குறுஞ்செய்தி போக வேண்டும்.

படித்து முடித்து அப்பாவைப் பார்த்தார். "போக வேண்டும்னு எழுதி வச்சே செஞ்சிருக்குங்க ஒங்க புள்ள."

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் விரல் திரையைக் கீழே தள்ளியது. அடுத்த கதை: மணமகனின் பெயரை மாற்றினால், அழைப்பிதழில் புதிய மணமகனின் பெயர் வர வேண்டும்.

"இன்னொரு மாப்பிள்ளையும் பாத்து வச்சாச்சா?" என்றார்.

மாப்பிள்ளையின் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பெயரில் எழுத்துப் பிழை திருத்துவதற்காக எழுதிய சோதனை அது என்று நான் சொன்னேன். யார் காதிலும் விழவில்லை. அப்பா கைகளைக் கோத்து மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். வாழ்நாளில் யாரிடமும் தலை குனியாத மனிதர். நான் படித்ததைச் சொல்லித்தான் எல்லோரிடமும் நிமிர்ந்து பேசுவார்.

மதியழகன் வேலைச் சட்டையோடு வந்தார். செய்தியை முன்பே பார்த்திருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது. "அவங்ககிட்ட நானே பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, போனோடு கொல்லைப்பக்கம் முந்திரி மரத்தடிக்குப் போனார். ஜன்னல் வழியாக அவர் முதுகு மட்டும் தெரிந்தது. ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அக்கா என்ன சொன்னாள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

திரும்பி வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். "கல்யாணத்த நிறுத்த வேணாம் மாமா. மண்டபம் மட்டும் வேற பாருங்க." பிறகு என்னைப் பார்த்தார். "அந்தக் காரணத்த மட்டும் அழிச்சிருங்க."

அங்கேதான் நான் தலையை ஆட்டிவிட்டு வந்திருக்க வேண்டும். ஆனால் படித்தவள் அல்லவா? "அழிச்சாலும் பழைய பிரதியில இருக்குமுங்க. நாங்க மாத்துற எல்லாத்தையும் சேத்து வச்சிருப்போம்" என்றேன். அப்பா என் காலை மிதித்தார்.

கம்பெனியில் என்ன நடந்தது என்பதை விட்டுவிடுகிறேன். கோகிலா மேடம் "நான் சொன்னேன்ல?" என்றுகூடக் கேட்கவில்லை. 'பெண் 1', 'மாப்பிள்ளை 1' என்று எல்லாக் கதைகளையும் அவரே உட்கார்ந்து மாற்றினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

கல்யாணம் அதே முகூர்த்தத்தில், ஒரு அரிசி ஆலைக்குப் பக்கத்தில் கிடைத்த குட்டி மண்டபத்தில் நடந்தது. பந்தியில் இடம் போதாமல் பாதிப் பேர் ரோட்டில் வெயிலில் நின்றார்கள். என் முகத்தில் உமி ஒட்டியிருந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை. மாப்பிள்ளையின் முன்பல் ஒன்று, பக்கத்துப் பல் மேல் ஏறியிருக்கிறது. அதனால்தான் மனிதர் வாயைத் திறப்பதில்லை. அன்று எல்லாப் போட்டோவிலும் அந்தப் பல் தெரியச் சிரித்திருக்கிறார், தாலி கட்டும் படத்தில்கூட. போட்டோகிராபர் கொஞ்சம் சாதாரணமாக இருக்கச் சொல்லிப் பார்த்தாராம். அவர் கேட்கவில்லையாம்.

இப்போதும் ஊருக்கு வந்தால், வாசலில் என்னைக் கண்டதும், "சிரிச்சிட்டேன், டிக் போட்டுக்கங்க" என்பார் அத்தான். வீடே சிரிக்கும். புதிதாக வரும் சொந்தக்காரர்களுக்கு அம்மா கதையை ஆரம்பத்திலிருந்து சொல்வாள். தாய்மாமன் இருந்தால் திரையைத் தள்ளிய விரலை அப்படியே நடித்துக் காட்டுவார். நானும் சிரிப்பேன். என்னைப் பற்றிய கதை, நான் சிரிக்காவிட்டால் நன்றாக இருக்காது.

போன பொங்கலுக்கு அக்கா வந்திருந்தாள். அடுப்படியில் அம்மாவிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போனதும் நிறுத்திவிட்டாள். என்னக்கா என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லடி" என்றாள் சிரித்துக்கொண்டே. "நீ எழுதி வச்சிருவ."