சம்பளமில்லாத மேலாளர்

ஐஸ் மேல் ஆடுகிற ஹாக்கிக்குச் சம்பளமே வாங்காமல் மேலாளர் வேலை பார்க்கும் ஓர் இனம் உலகத்தில் உண்டு. கனடாவில் எந்தக் காப்பிக் கடைக்குள்ளாவது நுழைந்து, "நம்ம டிஃபென்ஸ் இந்த வருஷம் ஓட்டைச் சட்டிதான்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிப் பாருங்கள். நாலு நாற்காலி திரும்பும். திரும்புகிற நால்வரும் இந்த இனம்தான். அணிக்கு அசல் மேலாளர் ஒருவர் இருக்கிறாரே, இதற்கென்றே படித்தவராயிற்றே, ஊர் ஊராகப் போய் ஆட்டக்காரர்களைப் பார்த்துக் குறிப்பெழுதி வர அவரிடம் இருபது பேர் இருக்கிறார்களே என்று நீங்கள் கேட்டால் உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். அந்த ஆளுக்கு என்ன தெரியும்?

தண்டர் பே ஊரில் இந்த இனத்தின் தலைமகன் ரெய்னோ ஹாபலா. வயது ஐம்பத்தெட்டு. நகராட்சியில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறார். தெருவில் எவ்வளவு பனி கிடந்தாலும் பதறாத மனிதர், அணி ஒரு ஆளை மாற்றப் போகிறது என்று காதில் விழுந்தால் இரண்டு ராத்திரி தூங்க மாட்டார். வீட்டில் குளிர்பெட்டி ரிப்பேரானபோது, "கொஞ்சம் பொறு, புதுசு வாங்கறதைக் கடைசி நாள் வரைக்கும் இழுத்தா விக்கிறவன் தானா இறங்கி வருவான்" என்று மனைவி டோரீனிடம் சொல்லி, மூன்று வாரம் பாலையும் மீனையும் பின்வாசல் பனியில் புதைத்து வைத்துச் சாப்பிட்ட குடும்பம் அது. கடைக்காரன் இறங்கி வரவில்லை. மீனை நரி தூக்கிக்கொண்டு போயிற்று. அதற்கும் ரெய்னோ, "நரிக்கு நல்ல பேரம்" என்றார்.

இந்த இனத்தாருக்கு மார்ச் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமைதான் தீபாவளி, பொங்கல் எல்லாம். அன்று மதியம் மூன்று மணியோடு கடை அடைப்பு; அதற்குப் பிறகு அந்த வருஷம் எந்த அணியும் ஆளை மாற்றிக்கொள்ள முடியாது. மூன்று மணிக்குள் என்ன பேரம் வேண்டுமானாலும் நடக்கலாம். அதிலும் உயர்ந்த பேரம் ஒன்று உண்டு. ஒவ்வொரு கோடையிலும் பதினெட்டு வயதுப் பையன்களை அணிகள் முறை வைத்து, சுற்றுச் சுற்றாக எடுத்துக்கொள்ளும். அந்த முறைக்குத்தான் பிக் என்று பெயர். இந்தப் பிக்கை இன்னொரு அணிக்குக் கொடுத்துவிட்டுத் தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவரை வாங்கலாம். அதாவது மீசை முளைக்காத, முகமே தெரியாத ஒருவனைக் கொடுத்து, ஊரறிந்த ஒருவரை வாங்குவது. கொடுக்கலாமா, கூடாதா? இந்த ஒரு கேள்வியில் பிரிந்துபோன சம்பந்தி வீடுகள் தண்டர் பேயில் இருக்கின்றன.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பதுக்கெல்லாம் ரெய்னோ விடுப்பு எடுத்துக்கொண்டு, ஐஸ் அரங்கத்தை ஒட்டிய வாண்டாவின் காப்பிக் கடையில் உட்கார்ந்துவிட்டார். எதிரே லாயிட் குசிக். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், பொறுமைசாலி, ரெய்னோவோடு எட்டு வருஷமாகச் சேர்ந்து ஆடுகிறவர். இருவருக்கும் நடுவில் இளஞ்சிவப்புப் பூச்சுப் போட்ட பெர்சியன் பன் இரண்டும், ரெய்னோ கிறுக்கிக் குவித்த டிஷ்யூ பேப்பர்களும். "மேனேஜர் சார், வாய் துடைக்கவும் ஒண்ணு ரெண்டு மிச்சம் வைங்க" என்று வாண்டா சொல்லிவிட்டுப் போனாள்.

தொலைக்காட்சியில் அன்றைய விவகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அணி (பெயர் வேண்டாம், கோப்பையைப் பார்த்து முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது, புண்ணைக் கிளற வேண்டாம்) ஹால்வெர்சன் என்கிற தடுப்பாட்டக்காரரை வாங்கப் பார்க்கிறதாம். கல்லுச் சுவர் மாதிரி ஆள். வயது முப்பத்திமூன்று. விலை, ஒரு முதல் ரவுண்டு பிக், ஒரு இரண்டாம் ரவுண்டு பிக். வாங்க வேண்டும் என்பது லாயிட் கட்சி. வாங்கினால் சர்வ நாசம் என்பது ரெய்னோ கட்சி.

இங்கே ஒரு ரகசியத்தை உங்கள் காதில் போட்டுவைக்கிறேன், ரெய்னோவிடம் மூச்சு விடாதீர்கள். இவர்கள் இருவரும் ஆடுவது ஐம்பது வயதுக்கு மேற்பட்டோர் சங்கத்தில். பச்சை, மஞ்சள், நீலம், கறுப்பு என்று நாலே அணி. ஆனால் பெரிய அணிகளுக்கு உள்ள அத்தனை சம்பிரதாயமும் இங்கேயும் உண்டு. ஒவ்வொரு செப்டம்பரிலும் புதிதாக ஐம்பது நிறைந்தவர்களை முறை வைத்து எடுப்பார்கள். வரும் செப்டம்பரில் தபால்காரர் மெர்வினுக்கு ஐம்பது. இருபது வருஷம் நடந்தே தபால் கொடுத்த அந்தக் கால்களைப் பார்த்து நாலு கேப்டன்களுக்கும் இப்போதே நாக்கில் நீர் ஊறுகிறது. அவர்களுக்கும் மாற்றிக்கொள்ளும் கடைசி நேரம் அதே வெள்ளிக்கிழமை மூன்று மணி. பேரம் முடிந்தால் வாண்டா கடையில் சூப்பின் பெயர் எழுதும் கரும்பலகையில் எழுதிவிட வேண்டும். பச்சை அணிக்கு இந்த வருஷம் கேப்டன் லாயிட். மஞ்சள் அணிக் கேப்டன் பல் டாக்டர் பெல்லமி. அந்த டாக்டர் செவ்வாய்க்கிழமையிலிருந்து லாயிட்டின் ஃபோனுக்கு ஒரே சேதியை அனுப்பிக்கொண்டிருக்கிறார்: ரெய்னோவைக் கொடு, மூன்றாம் ரவுண்டு பிக் தருகிறேன்.

லாயிட் மூன்று முறை முடியாது என்றார். எட்டு வருஷமாக உடை மாற்றும் அறையில் ஹீட்டருக்குப் பக்கத்து இடம் ரெய்னோவுக்கு, அதற்கடுத்தது லாயிட்டுக்கு. ரெய்னோவின் ஷூக் கயிற்றை லாயிட்தான் இறுக்கிக் கட்டிவிடுவார், முதுகு வளையாததால். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அந்த அறையில் அந்த இடத்தில் உட்கார்வதைவிடப் பெரிய சுகம் ரெய்னோவுக்கு உலகத்தில் கிடையாது. அதை டோரீனிடமே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர். அப்படிப்பட்ட மனிதரை எப்படிக் கைமாற்றி விடுவது? சரி, கயிறு கட்டிவிடுகிற நன்றிக்காவது ரெய்னோ அன்று வாயை மூடிக்கொண்டு பன்னைத் தின்றிருக்கலாம். இந்த இனத்துக்கு அதுதான் வராது.

"முப்பத்திமூணுதானேடா? இன்னும் ரெண்டு வருஷம் நல்லா ஆடுவான். நமக்கும் வயசாகுதுல்ல, கண்ணை மூடறதுக்குள்ள கோப்பையப் பாக்க வேணாமா?" என்றார் லாயிட்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார் ரெய்னோ. ஒன்பதே காலுக்குத் தொடங்கிய பேச்சு மதியம் இரண்டரை வரை ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் ஓடியது. முப்பத்திமூன்று வயதுத் தடுப்பாட்டக்காரன் என்பவன் மேலே தளதளவென்றிருக்கும் தக்காளி, கூடையைக் கவிழ்த்தால்தான் தெரியும் என்றார். பிக் என்பது வெறும் முறையில்லை, அது நம்பிக்கை என்றார். பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைப்பதாக நீ கேலி செய்வாய், ஆனால் அந்தப் பிள்ளைக்கு முட்டி வலி கிடையாது பார் என்றார். இரக்கம் பார்த்த மேலாளர் எவனும் கோப்பை பார்த்ததில்லை என்றார். டிஷ்யூவில் கோடு போட்டார், அம்பு போட்டார், டிஷ்யூ தீர்ந்ததும் தன் உள்ளங்கையிலேயே எழுதினார். லாயிட் கேட்டுக்கொண்டே இருந்தார். கணக்கு வாத்தியாரிடம் அதுதான் ஆபத்து, காரணம் சரியாக இருந்தால் ஒப்புக்கொண்டுவிடுவார்.

இரண்டரைக்கு லாயிட் மெல்லக் கேட்டார். "அதெல்லாம் சரி. ஒருத்தன் ரொம்ப வருஷமா ஒரே டீம்ல இருக்கான்னு வையி. எல்லாருக்கும் வேண்டியவன். அவனைப் போயி எப்படிடா விக்கிறது?"

"வேண்டியவனா இருக்கறப்பதான்டா விக்கணும். வேண்டாதவனா ஆனப்புறம் எவன் வாங்குவான்?"

"முட்டி ரெண்டும் போச்சுன்னு வையி."

"போனது வாங்குறவனுக்குத் தெரியுமா?"

"தெரியாதுன்னுதான் நெனைக்கிறேன்."

"அப்ப இன்னிக்கே தள்ளி விட்டுடு. நாளைக்குத் தெரிஞ்சிடும்."

"மூணாவது ரவுண்டுதான் தர்றாங்க."

"மூணாவது ரவுண்டை ஏன்டா ஏளனமாப் பேசற? மூணாவது ரவுண்டுல முத்து கெடைச்சிருக்கு. கண்ணை மூடிக்கிட்டு வாங்கு."

"அவன் மனசு கஷ்டப்படுமே ரெய்னோ."

"நெஜமான ஆட்டக்காரனா இருந்தா புரிஞ்சிக்குவான்" என்றார் ரெய்னோ, மிச்சமிருந்த பன்னை வாயில் போட்டுக்கொண்டே.

லாயிட் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு பனியில் அங்குமிங்கும் நடப்பது கண்ணாடி வழியே தெரிந்தது. ஹால்வெர்சன் விஷயமாக வானொலிக்காரர்களைக் கூப்பிட்டுக் கருத்துச் சொல்கிறான் போலும், பயல் திருந்திவிட்டான் என்று ரெய்னோ பூரித்துப் போனார். திரும்பி வந்த லாயிட், முகத்தைக் காட்டாமல் கரும்பலகைப் பக்கம் போனார்.

மூன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது தொலைக்காட்சியில் சிவப்புப் பட்டை ஓடியது. அணி ஹால்வெர்சனை வாங்கிவிட்டது. முதல் ரவுண்டு, இரண்டாம் ரவுண்டு இரண்டும் போச்சு. ரெய்னோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, அசல் மேலாளரின் வம்சத்தை ஏழு தலைமுறைக்குத் திட்ட வாயைத் திறந்து, நியாயம் கேட்கக் கடையிலிருந்தவர்கள் பக்கம் திரும்பினார். எதிரே கரும்பலகை. பட்டாணி சூப் என்று எழுதியிருந்ததற்குக் கீழே, கணக்கு வாத்தியாரின் அழகான கையெழுத்தில்: ரெய்னோ ஹாபலா மஞ்சளுக்கு, மூன்றாம் ரவுண்டு பிக் பச்சைக்கு.

வாண்டா காப்பி ஊற்றுவதைக்கூட நிறுத்திவிட்டாள். ரெய்னோ இரண்டு முறை படித்தார். அவர் முகம் வெளுத்து, பிறகு சிவந்து, பிறகு என்ன நிறமென்று தெரியாத ஒரு நிறத்துக்குப் போயிற்று. ஹீட்டருக்குப் பக்கத்து இடம் கண்ணில் வந்து நின்றது. பொய் சொல்வானேன், அழுகையே வந்தது.

"மூணாவது ரவுண்டா?" என்றார்.

"நீதானேடா வாங்கச் சொன்ன?"

"ஆளு யாருன்னு நீ சொல்லலியே. பெல்லமிகிட்ட இடது பக்கத்துக்கு ஆளே இல்லைடா. கடைசி நிமிஷம் வரைக்கும் இழுத்திருந்தா ரெண்டாவது ரவுண்டு குடுத்திருப்பான். மெர்வினுக்கு அடுத்த ஆளையாவது எடுத்திருக்கலாம். இப்படியா ஏமாந்துட்டு வருவே?"

லாயிட்டுக்கும் கண் கலங்கிவிட்டது. "வேணாம்னா அழிச்சிடறேன்டா. வாண்டா ஒண்ணும் சொல்ல மாட்டா."

ரெய்னோ கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று அடித்து இரண்டு நிமிஷம். சங்கத்தின் பதினோராம் விதி தெளிவாகச் சொல்கிறது: விற்கப்பட்டவர் போக மாட்டேன் எனக் கூடாது, மூன்று மணிக்கு மேல் எதையும் அழிக்கவும் கூடாது. நாலு வருஷத்துக்கு முன்னால் கோல் காவலர் ஒருவர் போக மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுததால் கொண்டுவந்த விதி. கொண்டுவந்தவர் யார் என்று கேட்கிறீர்களா? வேறு யார், நம் ரெய்னோதான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வதென்றால் இதுதான்.

"விதின்னா விதிதான்" என்று சொல்லி அவர் பொத்தென்று உட்கார்ந்தார். லாயிட் பக்கத்தில் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை உன் ஷூக் கயிற்றை அங்கே யார் கட்டுவார்கள் என்று கேட்டார். வாண்டா இரண்டு பேருக்கும் கேட்காமலே சூப் கொண்டுவந்து வைத்தாள்.

மூன்றேகாலுக்கு டாக்டர் பெல்லமி வந்தார். ஆஸ்பத்திரிக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, கையில் மஞ்சள் அணிச் சட்டை வைத்த பை, முகமெல்லாம் சிரிப்பு. வாங்க ரெய்னோ, உங்களை மலிவாக வாங்கிவிட்டேன் என்று கையை நீட்டினார். ரெய்னோ கையைக் கொடுக்கவில்லை. கால்சட்டையை முட்டிக்கு மேல் சுருட்டினார்.

"டாக்டர், இதைப் பாத்தீங்களா? வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டீங்களா? பாத்தா வீங்கின பரங்கிக்காய் மாதிரி இருக்கு. அஞ்சாவது ரவுண்டுக்கு மேல பெறுமா இது? ஒரு வருஷத்துப் பிக்கைக் கொண்டுபோய்க் கெழவன் மேல கொட்டியிருக்கீங்க. இப்படியே போனா நம்ம டீம் உருப்படுமா?"

நம்ம டீம். மஞ்சள் சட்டை இன்னும் பையை விட்டு வெளியே வரவில்லை. பக்கத்தில் எட்டு வருஷத்துக் கூட்டாளி கையில் சூப்புக் கரண்டியோடு உட்கார்ந்திருக்கிறார். டாக்டர் முட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு, பச்சைக்காரர்கள் தன்னை ஏமாற்றிவிட்டதாக முனகினார். "அதைத்தான் சொல்றேன்" என்று ரெய்னோ அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, வாண்டாவிடம் புது டிஷ்யூக் கட்டு ஒன்று கேட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். அந்தக் கரும்பலகையைப் படித்தபோது உங்களுக்கு முதலில் தோன்றியது எது? பாவம் ரெய்னோ என்பதா, அல்லது மூன்றாம் ரவுண்டு நல்ல விலைதானே என்பதா? இரண்டாவது என்றால், உங்கள் நண்பர் யாராவது சமீபத்தில் உங்கள் முட்டியைப் பற்றி அக்கறையாக விசாரித்தாரா என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.