அனாமத்துக் குரல்

இந்தத் தடவை பெண்டாட்டிக்குத் தெரியாமல் அதிகாரி ஆகிவிடுவது என்று உக்கிரபாண்டி முடிவு செய்தார்.

உக்கிரமெல்லாம் பெயரோடு சரி. ஆள் பரம சாது. ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாகக் கணக்கு எழுதுகிறார். அந்தப் பத்தொன்பது வருஷத்தில் அங்கே அவர் குரல் உயர்ந்தது இரண்டே தடவை. இரண்டும் தும்மல்.

தொண்ணூற்று இரண்டாம் வருஷம் ஆனி மாதக் கடைசியில் முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு, ஆவணியோடு கம்பெனியை மூடப்போவதாகச் சொல்லிவிட்டார். மகள் மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டுக்கு வேறு வருமானம் இல்லை. அதே வாரம் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் புதிதாகத் தொடங்கும் நூற்பாலைக்கு நிதி நிர்வாகப் பிரிவில் உதவி அதிகாரி தேவை. இடம் ஒன்று. பி.காம். படித்திருக்க வேண்டும், அல்லது பதினைந்து வருஷ அனுபவம் வேண்டும். அடுத்த வாரம் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சான்றிதழ்களோடு நேரில் வரவும்.

உக்கிரபாண்டி ஸ்கேல் வைத்து, பிளேடால் நான்கு பக்கமும் நேராக வெட்டி, விளம்பரத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஒளிவு மறைவுக்குக் காரணம் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் விருதுநகருக்கு இப்படி ஓர் இன்டர்வியூவுக்குப் போனார். போவதற்கு முன்பே அவர் மனைவி முத்துப்பேச்சி தெருவில் பதினோரு வீட்டுக்குச் சொல்லிவிட்டாள். அங்கே மூன்று கேள்வி கேட்டார்கள். மூன்றுக்கும் இவர் வாயைத் திறக்கவில்லை. திரும்பி வந்தபோது பதினோரு வீட்டிலும் “என்னாச்சு?” என்று கேட்டார்கள். பதினோரு தடவை வாயைத் திறக்க வேண்டியதாயிற்று.

அதனால் இந்தத் தடவை மூச்சு விடக் கூடாது. ஆனால் பழக வேண்டும். வாய்விட்டுப் பேசிப் பழக வேண்டும். வீட்டில் முத்துப்பேச்சி இருக்கிறாள். ஆபீஸில் ஆட்கள் இருக்கிறார்கள். யோசித்துப் பார்த்ததில் ராஜபாளையத்தில் ஆளே இல்லாத இடம் ஒன்றுதான் அகப்பட்டது. பக்கத்து வீடு.

அது சமுத்திரத்தின் வீடு. இவர் வேலை செய்யும் கம்பெனியிலேயே தலைமைக் கணக்கராக இருந்து மூன்று வருஷத்துக்கு முன் இறந்து போனவர். மூக்குக் கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு அவர் ஒரு கேள்வி கேட்டால், உக்கிரபாண்டிக்குத் தன் தகப்பனார் பெயரே மறந்து போகும். பிள்ளைகள் வெளியூரில். சாவி இவர்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. சமுத்திரத்தின் பிரம்பு நாற்காலி, உட்கார்ந்து உட்கார்ந்து குழிந்தபடி, போட்ட இடத்திலேயே கிடக்கிறது. சுவரில் மூன்று வருஷத்துக்கு முந்திய காலண்டர். அவர் இறந்த தேதியோடு கிழிப்பது நின்றுபோயிருந்தது.

திங்கட்கிழமை பகல் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. உக்கிரபாண்டி பின்பக்கச் சந்து வழியாக வந்து, பூட்டைத் திறந்து, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஊரில் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. காலையிலிருந்து காதில் அடித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றதும், தெருவையே யாரோ துணியைப் போட்டு மூடியதுபோல் இருந்தது. வெளியே உச்சி வெயில். உள்ளே, ஏனோ, கால் சில்லிட்டது. மூக்குப்பொடி வாசம் இன்னும் போகவில்லை.

பிரம்பு நாற்காலிக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். காலியான நாற்காலிக்கு ஒரு கும்பிடு போட்டார்.

“குட் மார்னிங் சார்.”

காலண்டர் அசைந்தது.

ஜன்னல் சாத்தியிருந்தது. காற்று கிடையாது. மாட்டியிருந்த அட்டை சுவரை விட்டு மெல்ல எழும்பி, மெல்லப் படிந்தது. மூச்சு விடுகிற நெஞ்சு மாதிரி. பிறகு சுவருக்குள்ளிருந்து, கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல் ஒரு குரல் வந்தது.

“பேர் என்னல?”

“உக்... உக்... உக்...”

“இருமாதல. பேரச் சொல்லு.”

உக்கிரபாண்டி கதவை நோக்கிப் பாய்ந்தார். இழுத்த அவசரத்தில் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது.

“ஓடுனா வேல கெடைக்குமால? உக்காரு.”

உட்கார்ந்தார். சந்தேகமே இல்லை. உயிரோடு இருந்த காலத்திலும் சமுத்திரம் இப்படித்தான்.

“பற்று எந்தப் பக்கம்?”

“எடது பக்கம்யா.”

“வரவு?”

“வலது பக்கம்யா.”

“சரி, போயிட்டு நாளைக்கு வா.”

முதல் நாள் மூன்றே கேள்விகள். போகும்போது தாழ்ப்பாள் தானாக விலகியதுபோல் சுலபமாக விலகியது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவரை முத்துப்பேச்சி ஏற இறங்கப் பார்த்தாள்.

“என்னங்க இது? பேயறைஞ்ச மாதிரி வாரீக?”

“ஏட்டி, வெளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு பேசுத?”

“மூஞ்சி வெளுத்துக் கெடக்கே, அதான் கேட்டேன். ஆபீஸ்ல வேல ரொம்பவோ?”

“ஆமா.”

“மூடப்போற ஆபீஸ்ல எம்புட்டு வேல இருக்கும்?”

“மூடுததுதான் பெரிய வேல. ஒனக்கு அதெல்லாம் தெரியாது.”

“எனக்கு என்னத்தத் தெரியும்” என்றபடி அவள் அவர் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். உக்கிரபாண்டிக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

இனி அந்தப் பக்கமே போகக் கூடாது என்று இரவெல்லாம் நினைத்தார். ஆனால் ஆவணி வருகிறதே. செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு முக்காலியில் இருந்தார். அன்றைக்கு ஐந்து கேள்விகள். புதன்கிழமை ஆறு. வியாழக்கிழமை ஏழு. பயம் போனது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு நாளும் காலண்டர் மூச்சு விட ஆரம்பிக்கும்போது அவர் மூச்சு நின்றுவிடும். ஆனால் பதில் வந்தது. விருதுநகரில் மூன்று கேள்விக்குத் திறக்காத வாய், இங்கே மடை திறந்ததுபோல் பேசியது.

“வவுச்சர் இல்லாம ஒருத்தன் செலவுக் கணக்கு கொண்டாந்தா என்னல செய்வ?”

“உடனே ஏத்தக் கூடாதுயா. அவன் கைப்பட எழுதி வாங்கணும். ரெண்டாவது ஆள்ட்ட விசாரிக்கணும். மொகத்தப் பாக்கக் கூடாது, கையெழுத்தத்தான் பாக்கணும்.”

“இருப்பாய்வுல பற்று, வரவு ரெண்டு பக்கமும் ஒத்துப் போச்சு. கணக்கு சரின்னு சொல்லலாமா?”

“சொல்லவே கூடாதுயா. இங்க ஒரு தப்பு, அங்க அதே அளவுக்கு ஒரு தப்புன்னா ரெண்டும் ஒத்துப்போகும். பேரேட்டுலதான் போயிப் பாக்கணும்.”

“பேயேட்டுலயா?”

“பேரேடுயா, பேரேடு!”

வெள்ளிக்கிழமை குரல் கொஞ்சம் இறங்கி வந்தது.

“அனாமத்துக் கணக்குன்னா என்ன? எனக்குச் சொல்லுத மாதிரி சொல்லாத. ஒண்ணுந் தெரியாதவளுக்குச் சொல்லுத மாதிரி சொல்லு.”

தெரியாதவள் என்று கேட்டதை உக்கிரபாண்டி கவனிக்கவில்லை. உற்சாகத்தில் எழுந்தே நின்றுவிட்டார்.

“யாரோடது, எங்கருந்து வந்துச்சுன்னு தெரியாத தொக வந்து நிக்கும்யா. வெரட்டவும் முடியாது, வீட்டுக்குள்ள சேக்கவும் முடியாது. ஆள் தெரியுத வரைக்கும் அத உக்கார வைக்கிற தாவாரம்தான் அனாமத்து. ஆள் தெரிஞ்ச அன்னைக்கே அவுக கணக்குல மாத்தீரணும்.”

பிறகு குரல் கேட்டது.

“அப்ப நானும் அனாமத்துதானல?”

அவருக்கு மயிர்க்கால் குத்திட்டது. அந்த ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லாமல் ஓடி வந்துவிட்டார். அன்றைய கேள்விகள் ஆறு.

சனிக்கிழமையும் போனார். அன்று காலண்டர் அசையவே இல்லை. பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தார். தறிகளெல்லாம் ஓய்ந்து கிடந்தன. சரி, பெரியவர் இன்றைக்கு விடுமுறை போலிருக்கிறது என்று அவர் எழுந்தபோது எதிரே பிரம்பு நாற்காலி முனகியது. கனத்த ஆள் உட்கார்ந்தால் முனகுமே, அப்படி. மூக்குப்பொடி வாசம் முகத்தில் வந்து அடித்தது. குரல் சுவரிலிருந்து வரவில்லை. முழங்கவும் இல்லை. நாற்காலி இருந்த இடத்திலிருந்து, மெல்லிசாக, மிகவும் களைத்துப்போய் வந்தது.

“ஒம் பொண்டாட்டி எம்புட்டுப் படிச்சிருக்கா?”

இதெல்லாம் கூடவா இன்டர்வியூவில் கேட்பார்கள் என்று நினைத்தார். ஆனாலும் பதில் சொன்னார்.

“எட்டாப்புயா.”

ஒரு பெருமூச்சு கேட்டது. நாற்காலி மறுபடி முனகியது. அவ்வளவுதான்.

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஏழே முக்கால் பஸ் ஏறினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆலையின் தற்காலிக ஆபீஸில் ஏற்கனவே பதிமூன்று பேர் பெஞ்சில் இருந்தார்கள். இவர் பதினாலாவது. பதினைந்தாவதாக ஒரு பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நீலச் சுங்குடிச் சேலை, கையில் ஃபைல். அந்தச் சேலையை அவருக்குத் தெரியும். போன தீபாவளிக்கு அவர் எடுத்துக் கொடுத்தது.

“ஏட்டி! நீ எதுக்குட்டி இங்க வந்த?”

“நீங்க எதுக்கு வந்தீகளோ அதுக்குத்தான்.”

“இது நிதி நிர்வாக வேலட்டி!”

“பதினேழு வருசமா ஒங்க வீட்ட நான் வேற என்னத்த நிர்வாகம் பண்ணிக்கிட்டு இருக்கேன்?”

அதற்குள் பதினான்காம் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேருமே உயிரோடு இருந்தார்கள். அதுதான் சிக்கல். ஆறு கண்கள் இவரையே பார்த்தன. நடுவில் இருந்தவர் அன்பாகத்தான் கேட்டார், அனாமத்துக் கணக்கு என்றால் என்ன என்று. உக்கிரபாண்டி சுவரில் காலண்டரைத் தேடினார். இருந்தது. அது மூச்சு விடுமா என்று பார்த்தார். விடவில்லை. இவரும் வாயைத் திறக்கவில்லை. ஐந்து நிமிஷத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

முத்துப்பேச்சி உள்ளே நாற்பது நிமிஷம் இருந்தாள். பகல் ஒன்றரை மணிக்குக் கையில் உத்தரவோடு வந்தாள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும்தான் உக்கிரபாண்டி வாயைத் திறந்தார்.

“பி.காம். எப்படி வந்துச்சு ஒனக்கு?”

“தபால்ல. அஞ்சு வருசம். பரிச்சைக்கு ஆண்டாள் கோயில்னு சொல்லிட்டுப் போவேனே, ஒரு தடவையாவது பிரசாதம் எங்கன்னு கேட்டீகளா?”

“விளம்பரம்?”

“பேப்பர்ல அம்புட்டு நேரா ஓட்ட போட்டு வச்சா பாக்குறவளுக்குத் தோணாதா, அந்த ஓட்டைக்குள்ள என்ன இருந்துச்சுன்னு? பீர் முகமது அண்ணாச்சி கடையில போயி அதே பேப்பர வாங்கிப் பாத்தேன். சந்து வழியா நீங்க பக்கத்து வீட்டுக்குள்ள போனதயும் பாத்தேன்.”

அவர் முகம் வெளிறியது. “அப்ப... சமுத்திரம்?”

அவள் அடுப்படிக்குக் கூட்டிப்போனாள். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரில் ஒரு விளக்குமாடம். அதன் பின்பக்கம் கையகலத்துக்குப் பெயர்ந்துபோய், அந்தப் பக்கம் காலண்டர் வரைக்கும் ஓட்டை. கீழே பித்தளைக் குடம்.

“இந்தக் குடத்துக்குள்ள வாய வச்சுப் பேசினேன். பெரியவர் ஒங்களத் திட்டுனதயெல்லாம் இந்தச் செவுத்து வழியா எத்தன வருசம் கேட்டிருக்கேன்.”

“ஏட்டி, எங்கிட்ட நேரா கேட்டிருக்கலாமே!”

“கேட்டேனே. ரெண்டு வருசத்துக்கு முன்னால அனாமத்துன்னா என்னங்கன்னு கேட்டேன். புளியக் கரைச்சியான்னு கேட்டீக. புஸ்தகம் படிச்சு பாஸாயிட்டேன், அங்க கேட்டா பதில் சொல்ல அனுபவம் வேணுமே? ஒங்க பத்தொன்பது வருசமும் ஒங்களுக்குள்ள பூட்டிக் கெடந்துச்சு. பொண்டாட்டிக்குச் சொல்ல மாட்டீக. பேய்க்கு ஒண்ணு விடாமச் சொல்லுதீக. தாவாரத்துக் கதைய அப்படியே சொன்னேன், இம்புட்டுத் தெளிவா யாருமே சொல்லலைன்னு நடுவுல இருந்த மேனேஜரே எந்திரிச்சுக் கையெடுத்துக் கும்பிட்டாரு.”

உக்கிரபாண்டி தரையில் உட்கார்ந்தார். தோற்றாலும் கணக்கு கணக்குதான்.

“மொத்தம் இருபத்தெட்டுக் கேள்வி கேட்டிருக்கட்டி.”

“இருபத்தேழு.”

“இருபத்தெட்டு. நான் எண்ணியிருக்கேன். ஆறு நாளு.”

“அஞ்சு நாளு. சனிக்கெழம நான் வீட்டுலயே இல்லையே. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார்வளாகத்துக்குப் போயி வைத்தியநாத சாமியக் கும்பிட்டு, அப்படியே அந்த ஆபீஸ் எங்க இருக்குன்னும் பாத்துட்டு வந்தேன்ல. வெள்ளிக்கெழம சாயங்காலமே ஓட்டைய அடைச்சுட்டேனே, பாருங்க.”

எழுந்து பார்த்தார். ஓட்டையின் உள்வாயில் களிமண் காய்ந்து வெடித்திருந்தது. இரண்டு நாளாவது ஆகியிருக்கும். பக்கத்து வீட்டில் ஏதோ முனகியதுபோல் இருந்தது. தறிச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. இருவரும் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். முத்துப்பேச்சி தன்னையறியாமல் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“சனிக்கெழம என்ன கேட்டாரு?” அவள் குரல் இறங்கியிருந்தது.

“ஒம் பொண்டாட்டி எம்புட்டுப் படிச்சிருக்கான்னு.”

“நீங்க என்ன சொன்னீக?”

உக்கிரபாண்டி தரையைப் பார்த்தார். “எட்டாப்புன்னு.”

“பொண்ணு பாக்க வந்தப்பவே பத்துன்னு சொன்னாகளே! வருசா வருசம் தேய்மானம் போட்டு எட்டாக்கிட்டீகளோ?”

அவள் சுவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். பிறகு இவர் பக்கம் திரும்பினாள்.

“அப்ப ரெண்டு இன்டர்வியூவுலயும் பெயிலா நீங்க?” என்றார் உதவி அதிகாரி.